பழைய திருட்டுப் படங்களைத் தராசோடு பார்க்கும் முறை

முப்பது வருஷம் வங்கிக் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து அடுத்தவர் பணத்தை எண்ணியவள் நான். மார்த்தாண்டம் பக்கம், தக்கலை, கடைசியில் நாகர்கோவில். ஓய்வு பெற்று வடசேரி வீட்டில் இருக்கிறேன். ஆனி, ஆடியில் சாரல் பிடித்துக்கொண்டால் முற்றத்தைத் தாண்ட முடியாது. அப்படி ஒரு நாளில் அண்ணன் மகன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து, “அத்தை, ஒங்களுக்குப் பிடிச்ச பழைய படம் ஒண்ணு சொல்லுங்க, போடுதேன்” என்றான். கொள்ளை, கடத்தல், புதையல் என்று ஓடும் படங்கள் என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பைத்தியம். ஒன்றைச் சொன்னேன், போட்டான். பத்தாவது நிமிஷம் நான் பேப்பரும் பேனாவும் எடுத்துவிட்டேன்.

“படம் பாக்கியளா, ஆடிட் பண்ணுதியளா?”

ரெண்டும்தான். ஒரு வருஷமாக வாரத்துக்கு ஒரு படம் இப்படிப் பார்க்கிறோம். கட்டன் சாயாவும் ரசவடையும் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் முறை வேலை செய்யும்.

முதலில், படத்தைப் போடுவதற்கு முன் அரைப் பக்கம் எழுதுங்கள். கதை என்ன, யார் நல்லவன், எந்தக் காட்சி மனதில் நிற்கிறது, எங்கே பார்த்தீர்கள். திருத்தக் கூடாது, யாரிடமும் கேட்கவும் கூடாது. இது உங்கள் ஞாபகத்தின் ஆரம்ப இருப்பு. படம் முடிந்ததும் இதோடு ஒப்பிட வேண்டும்.

நான் ‘நாடோடிக்காற்று’க்கு எழுதியதைச் சொல்கிறேன். 1987-ல் வந்த மலையாளப் படம். ஆன்டெனாவைத் திருவனந்தபுரம் பக்கம் திருப்பி வைத்து வளர்ந்த மாவட்டம் எங்களுடையது, அதன் நாயகர்கள் தாசனையும் விஜயனையும் தெரியாதவர்கள் இங்கே குறைவு. துபாய் என்று நம்பிச் சென்னைக் கடற்கரையில் இறங்கி, தமிழ்ப் பலகைகளைப் பார்த்து முழிப்பார்கள். ‘இரண்டு சிரிப்புத் துப்பறிவாளர்கள் கதை’ என்று என் தாளில் எழுதியிருந்தேன். தப்பு. இந்தப் படத்தில் அவர்கள் துப்பறிவாளர்களே இல்லை, வில்லன்தான் அவர்களை சி.ஐ.டி. என்று நினைத்து நடுங்குகிறான். நிஜமான சி.ஐ.டி.யாக அலைவது அடுத்த பாகத்தில். நான் இரண்டையும் ஒரே கணக்கில் சேர்த்துவிட்டேன். அதைவிடப் பெரிய விடுபடல் ஒன்று: பி.காம். முதல் வகுப்பில் தேறிய தாசன் பியூன் வேலை பார்ப்பான். அது என் தாளில் ஒரு வரிகூட இல்லை. அண்ணன் மகனும் பி.காம்., வேலை தேடிக்கொண்டிருக்கிறான். நான் விழுந்து விழுந்து சிரித்த இடத்தில் அவன் சிரிக்கவில்லை.

அடுத்து, ஒரு தடவை முழுசாக, நிறுத்தாமல், சும்மா பாருங்கள். இதைத் தவறவிட்டால் பாக்கி எல்லாம் வெறும் குற்றம் கண்டுபிடிப்பாகிவிடும்.

இரண்டாம் தடவைக்குத் தராசு. என் தொழில் பணம், அதனால் நான் பணத்தை நிறுக்கிறேன். நீங்கள் டிரைவர் என்றால் டீசலையும் தூரத்தையும் பாருங்கள், நர்ஸ் என்றால் குண்டடிபட்டவன் எத்தனை நிமிஷத்தில் எழுந்து ஓடுகிறான் என்று பாருங்கள். கைக்குத் தெரிந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு படம் முழுக்க அதைப் பின்தொடர்வதுதான் வேலை.

நோட்டுக் கணக்கு எளிது. ஒரு தாள் சுமார் 1 கிராம். 100 தாள் ஒரு கட்டு, பத்துக் கட்டு ஒரு பண்டல், பண்டல் சுமார் 1 கிலோ. இப்போது எண்பதுகளின் வில்லனை எடுத்துக்கொள்ளுங்கள். சூட்கேஸைத் திறந்து காட்டி “இதுல ஒரு கோடி இருக்கு” என்பான். 1978-ல் 1000, 5000, 10000 ரூபாய் நோட்டுகளைச் செல்லாததாக்கிவிட்டார்கள். 500 ரூபாய் நோட்டு வந்தது 1987-ல். நடுவில் இருந்த பெரிய தாள் 100 ரூபாய்தான். அப்படியானால் ஒரு கோடி என்பது ஒரு லட்சம் தாள், 100 கிலோ. கதாநாயகன் அதை ஒரு கையில் பிடித்துக்கொண்டு சுவர் ஏறிச் சாடுகிறான்! ஒரு பண்டலையே மேஜைக்கும் சேஃபுக்கும் நாள் பூரா மாற்றி மாற்றித் தூக்கித் தோள்பட்டை போனவள் நான், சிரிக்காமல் என்ன செய்ய?

ஆனால் தராசு சில சமயம் படத்தைக் காப்பாற்றவும் செய்யும். 1993-ல் வந்த ‘திருடா திருடா’வில் 1000 கோடி ரூபாய். கேட்டதுமே, “இது நடக்காது, எழுதிக்கோ” என்றேன். எல்லாம் 500 ரூபாய்த் தாள் என்று வைத்தால் 2 கோடித் தாள், 20 டன். படத்தில் பணம் கன்டெய்னரில் போகிறது. 20 டன்னைக் கன்டெய்னர் லாரி தாங்கும், இடமும் கொள்ளும். நான் தோற்றேன். யாரோ உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார்களா, குருட்டு அதிர்ஷ்டமா என்று பையன் கேட்டான். அது நமக்கு எதற்கு? தேறியது தேறியதுதான்.

இதே பரீட்சையில் உலகப் புகழ் பெற்ற ஒன்று விழுந்தது. 1969-ல் வந்த ‘தி இத்தாலியன் ஜாப்’. டூரின் நகரத்தில் 40 லட்சம் டாலர் தங்கத்தைக் கொள்ளையடித்து, சிவப்பு, வெள்ளை, நீலம் என்று மூன்று மினி கூப்பர் கார்களில் ஏற்றிக்கொண்டு படிக்கட்டிலும் சாக்கடைக் குழாயிலும் கூரை மேலும் பறப்பார்கள். அந்தக் காலத்தில், 1971 வரை, அமெரிக்க அரசு வைத்திருந்த தங்க விலை அவுன்சுக்கு 35 டாலர். வகுத்தால் சுமார் 1,14,000 அவுன்ஸ். ஒரு அவுன்ஸ் 31.1 கிராம். மொத்தம் மூன்றரை டன்னுக்கு மேல். ஒரு காருக்குப் பங்கு ஏறக்குறைய 1,185 கிலோ. அந்தக் காரின் சொந்த எடையே 600 கிலோவைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். கனகமூலம் சந்தையில் பழைய 75 கிலோ அரிசி மூட்டை பதினாறை ஒரு ஆட்டோவில் ஏற்றினால் எப்படி இருக்குமோ அப்படி. சக்கரம் நகராது, அச்சு உட்கார்ந்துவிடும்.

அப்படியானால் படம் மோசமா? இல்லை. அந்தக் கார்கள் வரிசையாக வளைவதைப் பார்க்கும்போது இன்றைக்கும் எனக்கு உள்ளங்கால் குறுகுறுக்கிறது. என் தீர்ப்பு இப்படி: தொகை கதையைத் தள்ளிவிட ஒரு சாக்காக மட்டும் இருந்தால் மன்னித்துவிடலாம். ‘பக்கா பிளான்’ என்று மூளையைப் பெருமையடிக்கும் படம் கணக்கில் உதைத்தால் மன்னிப்பே கிடையாது.

அப்புறம் சாவி. கொள்ளைப் படத்தில் பெட்டகத்தை எப்படித் திறக்கிறார்கள் என்று பாருங்கள். மேனேஜர் நெற்றியில் துப்பாக்கியை வைத்ததும் அவர் சாவியை நீட்டினால், கதை எழுதியவர் வங்கிக்குள் கால் வைத்ததில்லை என்று அர்த்தம். ஸ்ட்ராங் ரூம் இரண்டு சாவியில்தான் திறக்கும். ஒன்று மேனேஜரிடம், இன்னொன்று கேஷ் பொறுப்பில் இருப்பவரிடம். ஒருவர் சாவி மற்றவர் கைக்குப் போகவே கூடாது.

இது எவ்வளவு கெட்டி என்று எனக்கு ஒரு ஒன்றாம் தேதி காட்டிக்கொடுத்தது. பென்ஷன் நாள். கிளை எதுவென்று சொல்லப்போவதில்லை. முந்தின நாள் சாயங்காலம் மேனேஜர் ஒரு கல்யாணத்துக்குத் திருவனந்தபுரம் போயிருந்தார். காலையில் அங்கிருந்து நேராக வந்து இறங்கி பாக்கெட்டைத் தடவினார். சாவி இல்லை. அது வேறு பேன்ட்டில், பேன்ட் வீட்டு அழுக்குக் கூடையில், வீடு பூட்டு, வீட்டுச் சாவி திருவனந்தபுரத்தில் மனைவியிடம். என் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு நான் கதவு முன்னால் நிற்கிறேன். வெளியே நாற்பது பேர். ஒரு தாத்தா கம்பி வழியாக எட்டிப் பார்த்து, “மோளே, எங்க பைசாவ உள்ள வச்சுப் பூட்டிட்டு நீங்களும் வெளிய நிக்கேளா?” என்றார். பன்னிரண்டரைக்குத்தான் கதவு திறந்தது.

அன்றிலிருந்து எந்தக் கொள்ளைப் படத்திலும் நான் பூட்டை விட ஆட்களைத்தான் பார்க்கிறேன். இந்தத் திருட்டு நடக்க எத்தனை பேர் ஒரே நேரத்தில் தேவை? கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் அவரால் மட்டுமே முடிகிற ஒரு வேலை இருக்கிறதா? ஒரு ஆளை மனதில் கழித்துப் பாருங்கள். திருட்டு அப்படியே நடந்துவிடும் என்றால் அந்த ஆள் சும்மா நிற்கிறார். முக்கால்வாசிப் படங்களில் கழிக்க முடிகிற ஆள் பெண்ணாகத்தான் இருக்கிறாள். பாட்டுக்கு வருவாள், காவலாளியை மயக்குவாள், போய்விடுவாள்.

திருட்டுக் காட்சியை ஒருமுறை ஒலியை அணைத்தும் பாருங்கள். 1955-ல் வந்த ‘ரிஃபிஃபி’ என்ற பிரெஞ்சுப் படத்தில் ஏறக்குறைய அரை மணி நேரத் திருட்டு, பேச்சும் பின்னணி இசையும் இல்லாமலே ஓடும், ஒரு இடத்திலும் குழப்பம் வராது. உங்கள் படம் ஒலி போனதும் யார் கையில் என்ன இருக்கிறது என்றே தெரியாமல் தடுமாறினால், அத்தனை நாளும் உங்களை நாற்காலி நுனிக்கு இழுத்தது இசையமைப்பாளர்தான்.

படமே ஒரு விதியைச் சொன்னால் அதைச் சுவரில் ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள். ‘சூது கவ்வும்’ (2013) கடத்தலுக்கு ஐந்து விதி சொல்லும், செல்வாக்குள்ளவன் மேல் கை வைக்காதே என்பது அதில் ஒன்று. கடைசியில் மந்திரி மகனையே தூக்குவார்கள். தெரிந்தே மீறுகிறார்கள், மீறியதற்கான விலை கதையில் வருகிறது. சரி, பற்று எழுதினால் வரவும் இருக்கிறது. விதியைச் சொல்லிவிட்டுப் படமே மறந்துபோவதுதான் கோளாறு.

எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு கூடுதல் சௌகரியம். மூலத்தையும் மறு ஆக்கத்தையும் துணையெழுத்து இல்லாமலே அடுத்தடுத்துப் பார்க்கலாம். ‘ராம்ஜி ராவ் ஸ்பீக்கிங்’ (1989), அதன் தமிழ் ‘அரங்கேற்ற வேளை’ (1990). மலையாளத்தில் ஒரே கூரையின் கீழ் முட்டிக்கொள்வது இரண்டு வேலையற்ற ஆண்கள். தமிழில் ஒருவர் பிரபு, மற்றவர் ரேவதி. டெலிபோன் டைரக்டரியில் நம்பர் மாறியதால் வந்த கடத்தல் கூத்து இரண்டிலும் இருந்தாலும், வேலைக்காக நடந்த சண்டை தமிழில் பாதி வழியில் காதல் சண்டையாகிவிடுகிறது. எனக்கு ரேவதியைப் பிடிக்கும். ஆனாலும் வயிற்றுப்பாட்டின் சூடு மலையாளத்தில்தான் அதிகம்.

கடைசித் தடவை பார்க்கும்போது, இந்த விளையாட்டுக்கு யார் காசு கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். கவிழ்கிற காய்கறி வண்டி, அடி வாங்குகிற இரவுக் காவலாளி, சாகசம் பண்ண வெள்ளைக்காரன் வந்து இறங்குகிற ஊர்.

‘இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி டெம்பிள் ஆஃப் டூம்’ (1984) நான் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய படம். தொங்கு பாலம் அறுந்து விழும் காட்சிக்காக வீடியோ டெக்கில் டேப்பைத் தேயவிட்டோம். கதை நடப்பது 1935 இந்தியாவில். நம் அரசு திரைக்கதையில் மாற்றம் கேட்டதால் படக்குழு இலங்கைக்குப் போய்க் கண்டிப் பக்கம் எடுத்தது. இந்தியக் கிராமத்தார் பேசுவது சிங்களம்! இலங்கை டி.வி.யான ரூபவாஹினி தெரிந்த எங்கள் வீட்டில் அதை அப்போதே கண்டுபிடித்திருக்க வேண்டும், பாலம் எப்போது வரும் என்றே உட்கார்ந்திருந்ததில் காதில் விழவில்லை. அரண்மனை விருந்தில் குரங்கு மூளை பரிமாறுவார்கள். அந்தக் காட்சிக்கு அன்று வீடே அதிரச் சிரித்தோம். இந்தத் தடவை பையன் படத்தை நிறுத்திவிட்டு, “பத்மநாபபுரம் அரண்மனைக்கு நம்ம போனோமே, அந்த ஊட்டுப்புரை?” என்றான். மேலே ஆயிரம் பேர், கீழே ஆயிரம் பேர் உட்கார்ந்து சாப்பிடும் கூடம் அது. ஊறுகாய்ப் பரணிகள் ஓரமாக நிற்கும். தக்கலையில் வேலை பார்த்த வருஷங்களில் மத்தியான இடைவேளையில் அங்கே போய் நின்றிருக்கிறேன். அந்தக் கூடத்தை நினைத்துக்கொண்டு விருந்துக் காட்சியை மறுபடி ஓட்டினோம். சிரிப்பு வரவில்லை. அடுத்து பாலம் வந்தது. மறுபடியும் இரண்டு பேரும் கட்டிலின் நுனிக்கு வந்துவிட்டோம். இரண்டையும் நோட்டில் எழுதினேன், ஒன்றை வைத்து மற்றதை அடிக்கவில்லை.

நோட்டில் ஒரே ஒரு பக்கம் இன்னும் முடிக்காமல் கிடக்கிறது. ‘தி இத்தாலியன் ஜாப்’ முடிவில், தங்கத்தை ஏற்றிக்கொண்டு தப்பிக்கிற பஸ் மலை விளிம்பில் பாதி தொங்கும். தங்கம் பள்ளத்தின் பக்கம், ஆட்கள் ரோட்டின் பக்கம். படம் அங்கேயே நின்றுவிடும். தங்கத்தை எப்படி எடுப்பது என்று பிரிட்டனின் ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரி 2008-ல் போட்டியே வைத்தது, ஹெலிகாப்டர் கூடாது என்ற நிபந்தனையோடு. போன வாரம் நாங்களும் இறங்கினோம். சாப்பாட்டு மேஜை விளிம்பில் அடி ஸ்கேல், ஒரு முனையில் ஆட்களுக்காக ஒரு ரூபாய் நாணயங்கள், மறு முனையில் தங்கமாக ஒரு ரசவடை. “ஒவ்வொரு ஆளா இறங்கட்டும், அத்தை” என்று பையன் நாணயங்களை ஒன்றொன்றாக எடுத்தான். மூன்றாவது நாணயத்தில் வடை கீழே போனது, பூனை அதைக் கவ்விக்கொண்டு அடுக்களைப் பக்கம் ஓடிவிட்டது.