“ஐ.சி. குடுங்க, ஒரு காப்பி எடுத்துக்கிறேன்”: சின்னக் கடைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப்புற டவுனில் கடைவரிசையில் நடந்தால் ஒரு போட்டோஸ்டாட் கடையாவது கண்ணில் படும். பலகையில் எழுதியிருப்பது போட்டோஸ்டாட். உள்ளே நடப்பதோ ரோட்டாக்ஸ், இன்சூரன்ஸ் புதுப்பித்தல், எஸ்.டி.ஆர். உதவித்தொகைக்கு மனு, இ.பி.எப். (சேமநிதி) கணக்குப் பார்ப்பது, பிள்ளைக்கு யூனிவர்சிட்டி விண்ணப்பம். செம்பனைத் தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வரும் பாட்டிக்கு அரசாங்கம் என்றால் இந்தக் கடைதான். அதனால் ஒரு குடும்பத்தின் முழு ஜாதகமும் அந்தக் கடைக் கம்ப்யூட்டரில் கிடக்கும். அழகு நிலையம், டியூஷன் சென்டர், கைப்பேசி ரிப்பேர் கடை எல்லாவற்றுக்கும் ஓரளவு இதே கதைதான்.

கடைக்காரர்கள் பயப்படுவது ஹேக்கருக்கு. ஆனால் இந்த அளவு கடையிலிருந்து விவரம் வெளியே போவது பெரும்பாலும் கவுண்டர் வழியாக, சொந்தக் கைப்பேசி வழியாக, சில சமயம் உதவி செய்யும் நல்ல மனசு வழியாகவும்தான்.

தேவையில்லாமல் ஐ.சி. (அடையாள அட்டை) காப்பி எடுப்பதிலிருந்து தொடங்குவோம். கைப்பேசித் திரை மாற்றுவதற்கு எதற்கு ஐ.சி. காப்பி? ரசீதில் ஒரு பெயரும் தொடர்பு எண்ணும் போதாதா? மைகாட் என்ற இந்த ஐ.சி.யில் இருக்கும் 12 இலக்கத்தில் முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடம் (பேராக் என்றால் 08), கடைசி இலக்கம் ஒற்றைப்படையாக இருந்தால் ஆண், இரட்டைப்படையாக இருந்தால் பெண். அதோடு அப்பா பெயரும் வீட்டு முகவரியும் கார்டிலேயே இருக்கின்றன. இவ்வளவு தெரிந்த ஒருவன் போன் போட்டு, “அம்மா, நாங்க ஆபீஸ்ல இருந்து பேசுறோம்” என்று அந்த எண்ணையும் முகவரியையும் தப்பில்லாமல் ஒப்பித்தால் நம்மில் எத்தனை பேர் சந்தேகப்படுவோம்?

இப்போது கார்டே காசு மாதிரி ஆகிவிட்டது. 2025 ஆகஸ்ட் 31 முதல் அரசாங்கத்தின் சாரா உதவியாக 18 வயது நிறைந்த குடிமக்களுக்கு 100 ரிங்கிட் மைகாட்டில்தான் வந்தது. அதே ஆண்டு செப்டம்பர் இறுதியில் ரோன்95 பெட்ரோலுக்கான 1.99 ரிங்கிட் மானிய விலையும் மைகாட்டோடு சேர்ந்துகொண்டது. இந்த நிலையில், “பாக்கியைக் கட்டிட்டு ஐ.சி.யை வாங்கிக்குங்க” என்று கார்டைப் பிடித்து வைப்பது அநியாயம். அப்படிப் பிடித்து வைக்கும் அதிகாரம் எந்தக் கடைக்காரருக்கும் கிடையாது.

பெயரைச் சரிபார்க்க வேண்டுமா, கார்டைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். இன்சூரன்ஸ் மாதிரி காப்பி கேட்கும் வேலையாக இருந்தால், குறுக்கே இரண்டு கோடு இழுத்து, இன்ன வேலைக்கு மட்டும் என்று மலாயில் எழுதி, தேதி போடுங்கள். அந்தத் தாள் வேறு கைக்குப் போனாலும் வேறு விண்ணப்பத்தோடு சேர்ப்பது கஷ்டம். போட்டோஸ்டாட் கடைகளுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும்: மங்கலாக விழுந்த காப்பி, கோணலாகப் போன பிரிண்ட், இதையெல்லாம் வெட்டிக் கணக்குப் போட வைத்துக்கொள்ளும் சிக்கனப் பழக்கம். ஒருவருடைய சம்பளச் சீட்டின் பின்பக்கத்தில் இன்னொருவருக்கு மொத்தத் தொகையை எழுதிக் கொடுப்பது சிக்கனத்தில் சேராது. தாள் கிழிக்கும் சின்ன இயந்திரம் ஒன்றை வாங்கிப் போடுங்கள்.

அடுத்தது வாட்ஸ்அப். இங்கேதான் உண்மையான ஓட்டை. “அண்ணே, ரோட்டாக்ஸ் எடுக்கணும்” என்ற செய்தியோடு ஐ.சி. படமும் கார் கிராண்ட் (பதிவுப் பத்திரம்) படமும் வந்து விழும். வேலை அரை மணியில் முடிந்துவிடும், படம் மட்டும் போகாது. வாட்ஸ்அப் அதைக் கைப்பேசியின் கேலரியில் தானாகச் சேமிக்கும், பேக்அப் போட்டிருந்தால் கேலரி கூகள் போட்டோஸுக்கு நகல் அனுப்பும், வீட்டில் கேம் விளையாட அதே கைப்பேசியை மகன் எடுப்பான், பழைய கைப்பேசி தங்கைக்குப் போகும். ஒரு ரோட்டாக்ஸுக்காக வந்த படம் நாலு இடத்தில் உட்கார்ந்திருக்கும், கடைக்காரருக்கே தெரியாது. வாட்ஸ்அப் அமைப்பில் படங்களைக் கேலரியில் காட்டும் வசதியை அணைத்து வையுங்கள். முடிந்தால் கடைக்கென்று தனி எண், தனிக் கைப்பேசி. வேலை முடிந்ததும் படத்தை அழித்துவிட்டு, “வேலை முடிஞ்சது, படத்தை அழிச்சிட்டேன்” என்று ஒரு வரி அனுப்பிப் பாருங்கள். அந்த ஆள் அடுத்த வருஷமும் உங்களிடம்தான் வருவார்.

கடைக் கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப்பைத் திறந்தபடியே விட்டுவிட்டுச் சாப்பிடப் போகிறவர்களும் உண்டு. இணைக்கப்பட்ட சாதனங்கள் என்ற பகுதியை வாரம் ஒரு முறையாவது பார்த்து, தெரியாததை வெளியேற்றிவிடுங்கள். டவுன்லோட்ஸ் போல்டரையும் அப்படியே. அப்புறம் அந்த வாடிக்கையாளர் குரூப்! தீபாவளிச் சலுகை சொல்வதற்காக எல்லா வாடிக்கையாளரையும் ஒரே குரூப்பில் சேர்த்தால், ஒருவருடைய எண் மற்ற எல்லாருக்கும் போகிறது. தனியாக வாழும் பெண்ணின் எண்ணும் அதில்தான் இருக்கும். பிராட்காஸ்ட் பட்டியல் போட்டால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும். ஆனால் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்குத்தான் அது சேரும் என்பதையும் மனதில் வையுங்கள்.

நல்ல மனசால் வரும் தவறு என்று மேலே சொன்னேனே, அது இது. பாட்டிக்கு ஸ்மார்ட்போன் இல்லை, ஈமெயில் இல்லை. கடைக்காரர் என்ன செய்கிறார்? தானே ஒரு ஈமெயில் திறந்து, தன் கைப்பேசி எண்ணையே போட்டு, கணக்கைப் பதிந்து கொடுக்கிறார். கடவுச்சொல் எல்லாப் பாட்டிக்கும் ஒன்றேதான், மானிட்டரில் ஒட்டிய மஞ்சள் தாளில் இருக்கிறது. அன்றைக்கு அது உதவி. நாளைக்கு ஓ.டி.பி. குறியீடு வர வேண்டிய இடம் கடைக்காரரின் கைப்பேசி. அவர் எண்ணை மாற்றினால் பாட்டி தன் பணத்துக்கே வெளியாள். கணக்கில் ஏதாவது குறைந்தால் முதலில் கைகாட்டப்படுவதும் கடைக்காரர்தான், அவர் தொட்டிருக்கவே மாட்டார் என்றாலும். சொந்த எண்ணைப் போடவே கூடாது. மகன் எண்ணோ பேத்தி எண்ணோ கேளுங்கள். கடவுச்சொல்லைப் பாட்டியின் குடும்பத்தார் முன்னால் வைத்து, ஒரு தாளில் எழுதி அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுங்கள். உங்களிடம் நகல் வேண்டாம்.

அடுத்தது வாய். தோட்டத்தில் செக்ரோல் (சம்பளப் பதிவேடு) எழுதிய கிராணிக்கு யாருக்கு எத்தனை நாள் வேலை, எவ்வளவு பிடித்தம் என்பது எல்லாம் தெரியும். ஊருக்கும் மெதுவாகத் தெரிந்துவிடும். அந்தப் பழக்கம் தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்த பிறகும் போகவில்லை. “என் மச்சான் இ.பி.எப். பணம் எடுத்துட்டானா?” என்று ஒருவர் சும்மா கேட்பார். கடன் கொடுத்தவன் வந்து முகவரி கேட்பான், ஆலோங் (சட்டவிரோத வட்டிக்காரன்) ஆளாகவும் இருக்கலாம். புருஷனை விட்டு வந்த பெண் எந்த முகவரிக்கு மாற்றினாள் என்று அந்தப் புருஷனே கேட்பான். எல்லாரும் தெரிந்தவர்கள்தானே என்பதுதான் இங்கே உள்ள ஆபத்து. பெரிய நகரத்தில் ஒரு பெயர் வெளியே போனால் அது வெறும் பெயர். இங்கே அது யாருடைய வீட்டு வாசல் என்று ஊருக்கே தெரியும். “அவர் வந்து கேட்டா சொல்றேன் அண்ணே” என்ற ஒரே பதிலை வேலை செய்யும் பையனுக்கும் பழக்கிவிடுங்கள்.

பேஸ்புக்கில் எஸ்.பி.எம். தேர்வு முடிவுச் சீட்டை அப்படியே படம் எடுத்துப் போடும் டியூஷன் சென்டர்களே, அதில் பிள்ளையின் ஐ.சி. எண்ணும் இருக்கிறது. மறைத்துவிட்டுப் போடுங்கள், அதுவும் பெற்றோரைக் கேட்ட பிறகு. மணப்பெண் அலங்காரப் படம் போடும் அழகு நிலையங்களும் முதலில் கேட்டுக்கொள்ளட்டும்.

“சட்டமெல்லாம் பெரிய கம்பெனிக்குத்தானே?” இல்லை. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-இல் வந்தது, 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் இருக்கிறது. வர்த்தகத்துக்காகத் தனிநபர் விவரங்களைக் கையாளும் எவரையும் அது கட்டுப்படுத்தும், சின்னக் கடை என்று விலக்கு இல்லை. விவரம் எதற்கு வாங்குகிறீர்கள், யாருக்குக் கொடுப்பீர்கள் என்ற அறிவிப்பை மலாயிலும் ஆங்கிலத்திலும் வைக்க வேண்டும். கடைக்கு வருகிறவர்கள் தமிழ் வாசிப்பவர்கள் என்றால் தமிழிலும் ஒன்று ஒட்டுங்கள், யார் தடுக்கப் போகிறார்கள்? உடல்நலம், மதம் பற்றிய விவரங்களுக்குத் தெளிவான சம்மதம் வேண்டும். 2024-இல் செய்த திருத்தத்தில் சட்டத்தின் அடிப்படைக் கோட்பாடுகளை மீறுவதற்கான அபராத உச்சவரம்பு 3 லட்சம் ரிங்கிட்டிலிருந்து 10 லட்சமாக உயர்ந்தது, சிறை மூன்றாண்டு வரை. தரவுப் பாதுகாப்புக்குத் தனி அதிகாரி நியமிக்கும் கட்டாயம் இருபதாயிரம் பேருக்கு மேல் விவரம் வைத்திருப்பவர்களுக்கும், உடல்நலம், பணம் போன்ற விவரங்கள் என்றால் பத்தாயிரம் பேருக்கு மேல் வைத்திருப்பவர்களுக்கும், மக்களைத் தொடர்ந்து முறையாகக் கண்காணிக்கும் வேலை செய்பவர்களுக்கும்தான். பெரும்பாலான சின்னக் கடைகள் அதில் வராது.

கடைக் கைப்பேசி பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) தொலைந்துபோனால் வாயை மூடிக்கொண்டு இருப்பதும் தவறுதான். 2025 ஜூன் 1 முதல், பெரிய பாதிப்பு ஏற்படக்கூடிய கசிவு என்றால் 72 மணி நேரத்துக்குள் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்கும், அதன்பின் ஏழு நாளுக்குள் பாதிக்கப்பட்டவர்களுக்கும் சொல்ல வேண்டும். யாராவது பணத்தை இழந்திருந்தால் அவர்களை உடனே வங்கிக்கும் மோசடிப் புகாருக்கான 997 எண்ணுக்கும் பேசச் சொல்லுங்கள்.

பழைய பைல்களைப் பற்றி ஒரு சந்தேகம் அடிக்கடி வரும்: வருமான வரிக்கு ஏழு வருஷம் வைக்கணுமே? ரசீதும் கணக்கும் வைக்க வேண்டும், சரி. அவற்றோடு பின் அடித்த ஐ.சி. காப்பி கணக்கில் சேராது. அதைப் பிரித்து எடுத்துக் கிழித்துவிடலாம். வேலையை விட்டுப் போகும் பையனின் கைப்பேசியில் கடை வாட்ஸ்அப் இணைந்திருந்தால் அன்றைக்கே வெளியேற்றுங்கள். வாடகைக்கு எடுத்த பெரிய காப்பி இயந்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது உள்ளே ஹார்ட் டிஸ்க் இருக்கிறதா, அதை அழித்துத் தருவீர்களா என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.