கோப்பாய் இரண்டு தடவை வந்தால்

கிணற்று நீர் ஆய்வொன்றின் தரவை ஆர் என்ற புள்ளியியல் கணினி மொழியில் திறந்து, பிரதேச செயலகப் பிரிவுகளை எண்ணிப் பார்த்தேன். யாழ்ப்பாண மாவட்டத்தில் 15 பிரிவுகள்தான் உண்டு. வந்ததோ 18. தெல்லிப்பழையும் தெல்லிப்பளையும் தனித்தனியே நின்றன. ஒரு நல்லூரின் பின்னால் வெற்றிடம் ஒட்டியிருந்தது. இவை இரண்டும் உடனே பிடிபட்டன. கோப்பாய்தான் என் அரை நாளைத் தின்றது. இரண்டு நிரைகளில், எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே நின்றது.

இரண்டையும் சொல்லின் குறியீடுகளை எண்ணும் என்சார் கட்டளைக்குக் கொடுத்தேன். ஒன்றின் நீளம் 8, மற்றதன் நீளம் 9. ‘கோ’வின் ஓகாரக் குறியை யுனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரட்டைக் கொம்பு, கால் என இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். நம் கண்ணுக்கு ஒரே ஊர், கணினிக்கு இரண்டு. ஆகவே தமிழ்ச் சொற்களை வகைகளாக மாற்றுவதற்கு முன் ஆரின் ஸ்ட்ரிங்ஐ தொகுப்பைக் கொண்டு, அச்சொற்கள் உள்ள நிரல் முழுவதையும் என்எஃப்சி வடிவத்துக்கு, அதாவது இப்படிப் பிரிந்த குறிகளை ஒரே குறியீடாகச் சேர்த்த வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். ஓரத்து வெற்றிடங்களை ட்ரிம்டபிள்யூஎஸ் கட்டளை நீக்கிவிடும். தெல்லிப்பழை போன்றவற்றைக் கையால்தான் திருத்த வேண்டும். ஊர் தெரிந்தவர் அருகில் இருந்தால் நல்லது.

அடுத்தது வரிசை. நீரின் சுவையை நன்னீர், சவர், உப்பு என்று பதிந்திருந்தோம். சொற்களை எண்ணிட்ட வகைகளாக மாற்றும் ஃபாக்டர் கட்டளையை வெறுமனே கொடுத்தால் அது அகரவரிசையில் அடுக்கும்: உப்பு 1, சவர் 2, நன்னீர் 3. உப்புத்தன்மை கூடக்கூட எண் குறைகிறது! அந்த எண்களை அப்படியே பகுப்பாய்வில் போட்டால் முடிவின் கூட்டல், கழித்தல் குறி தலைகீழாகிவிடும். அந்தக் கட்டளையில் லெவல்ஸ் என்ற இடத்தில் நன்னீர், சவர், உப்பு என்று நீங்களே எழுதிக் கொடுங்கள். முதலில் எழுதுவதே ஒப்பீட்டுக்கான அடிப்படை வகையாகும். எங்கள் கேள்விக்கு நன்னீரே பொருத்தமான அடிப்படை.

ஸ்டாட்டா என்ற புள்ளியியல் மென்பொருளில் இதே வேலையைச் செய்யும் என்கோட் கட்டளையும் அகரவரிசையில்தான் எண் கொடுக்கும். லேபிள் டிஃபைன் மூலம் வரிசையை முன்கூட்டியே வரையறுத்து, அந்த லேபிளின் பெயரை என்கோடுக்குக் கொடுக்க வேண்டும். நோஎக்ஸ்டெண்ட் என்பதையும் சேருங்கள். பட்டியலில் இல்லாத சொல் ஒன்று தரவில் இருந்தால் கட்டளை பிழை காட்டி நின்றுவிடும். ஆர் அப்படி நிற்பதில்லை. லெவல்ஸில் எழுதாத சொல்லைச் சத்தமில்லாமல் என்ஏ, அதாவது விடுபட்ட மதிப்பு, ஆக்கிவிடும். இதனால்தான் மாற்றுமுன் ஒரு தடவை, மாற்றிய பின் ஒரு தடவை என்ஏக்களை எண்ணுகிறேன். எண்ணிக்கை கூடியிருந்தால் அங்கேயே நிறுத்திவிடுவேன்.

கிணற்றின் ஆழத்தை வகையாக்கவே கூடாது. அது எழுத்தாகப் பதிவாகியிருந்தாலும் எண்தான். 9, 12, 18, 24 அடி என்ற எழுத்துகளை ஃபாக்டர் ஆக்கினால் 12 முன்னுக்கு வரும், 9 கடைசிக்குப் போகும். பிறகு எண்ணாக மாற்றும் ஆஸ் நியூமெரிக் கொடுத்தால் 9 அடிக் கிணற்றின் ஆழம் 4 என்று வரும். ஏற்கெனவே ஃபாக்டர் ஆகியிருந்தால் முதலில் எழுத்தாக மாற்றும் ஆஸ் கேரக்டர், பிறகு ஆஸ் நியூமெரிக். ஸ்டாட்டாவில் எழுத்தை எண்ணாக்க டீஸ்ட்ரிங் இருக்கிறது.

மூலச் சொற்கள் உள்ள நிரலை அழிக்காதீர்கள். புதிய வகையை வேறு பெயரில் வைத்து, இரண்டையும் டேபிள் கட்டளையில் குறுக்கே வைத்துப் பாருங்கள். பழைய சொல் ஒவ்வொன்றும் ஒரே ஒரு வகையின் கீழ் மட்டுமே விழ வேண்டும்.