முதல் டேட்டாபேஸ் கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரை கீழமாசி வீதி மொத்தக் கடையோ, கப்பலூர் தொழிற்பேட்டைப் பட்டறையோ, சின்ன அலுவலகங்களில் கணக்கு பெரும்பாலும் நோட்டிலிருந்து எக்செலுக்குப் போகிறது, அங்கே சமாளிக்க முடியாதபோது மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் மென்பொருளான அக்சஸுக்கு வருகிறது. அப்போது நடக்கும் முதல் தவறு, எக்செல் ஷீட்டை அப்படியே ஒரே டேபிளாக இறக்குவது.

அந்த ஷீட்டில் ஒவ்வொரு பில்லோடும் வாடிக்கையாளர் பெயர், முகவரி, போன் எல்லாம் திரும்பத் திரும்ப இருக்கும். அவர் வில்லாபுரத்திலிருந்து திருநகருக்குக் குடிபோனால் எல்லா வரியிலும் முகவரியை மாற்ற வேண்டும். சில வரிகள் விட்டுப்போகும், ஒரே ஆளுக்கு இரண்டு முகவரி நிற்கும். வாடிக்கையாளருக்கு ஒரு டேபிள், பில்லுக்கு ஒன்று, பில்லில் உள்ள சரக்குக்கு ஒன்று என்று பிரித்துவிடுங்கள். 1970-ல் ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட் முன்வைத்த முறையின் சாரமே இதுதான்: ஒரு தகவல் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். ‘பொருள்1, பொருள்2, பொருள்3’ என்று ஃபீல்டுகளை, அதாவது டேபிளின் பத்திகளை, நீட்டிக்கொண்டே போவதும் இதே தவறுதான். நான்காவது பொருள் வந்ததும் டேபிளையே மாற்ற வேண்டியிருக்கும்.

அடுத்தது, பெயரை அடையாளமாக வைப்பது. மதுரையில் ஒரே தெருவில் இரண்டு மீனாட்சிசுந்தரம் இருப்பது சாதாரணம். இனிஷியலை ஒருவர் முன்னால் அடிப்பார், இன்னொருவர் பின்னால் அடிப்பார். போன் நம்பரும் உதவாது. அப்பாவும் மகனும் ஒரே நம்பரைக் கொடுப்பார்கள், நம்பர் மாறவும் செய்யும். மாறாத ஒரு வாடிக்கையாளர் எண்ணை டேட்டாபேஸே கொடுக்கட்டும், அதையே பிரைமரி கீயாக, அதாவது ஒவ்வொரு வரியையும் தனித்துக் காட்டும் அடையாளமாக, வையுங்கள்.

போன் நம்பரை எண்ணாகச் சேமித்தால் 0452 என்ற மதுரைக் குறியீடு 452 ஆகிவிடும். கூட்டிக் கழிக்கத் தேவையில்லாத எதையும் டெக்ஸ்ட்டாக வைப்பதே சரி. வங்கிக் கணக்கு எண்ணுக்கு இது இன்னும் முக்கியம், ஏனென்றால் எக்செல் ஒரு எண்ணில் 15 இலக்கம் வரைதான் சரியாக வைத்திருக்கும், அதற்குப் பிறகு வருவது பூஜ்யமாகிவிடும். ரூபாய்க்கு டபுள் வேண்டாம், அது தசம எண்ணைத் தோராயமாகவே வைக்கும் வகை. கரன்சி வகையைப் போட்டால் பைசா வித்தியாசம் வராது. தேதியில் ஒரு பொறி இருக்கிறது: அக்சஸின் குவெரியை (டேபிளிடம் தகவல் கேட்கும் அல்லது அதை மாற்றும் கட்டளை) SQL வரிகளாகக் கையால் எழுதும்போது #05/06/2024# என்று போட்டால் அதை மே 6 என்றுதான் எடுத்துக்கொள்ளும், நாம் ஜூன் 5 என்று நினைத்திருப்போம். #2024-06-05# என்று எழுதினால் குழப்பமில்லை.

தமிழில் பெயர் ஏற்றுபவர்கள் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களை விட்டுவிடுங்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது வெறும் குறிகளாகத் தெரியும், அகர வரிசையும் சரியாக வராது. எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு மட்டும் போதும்.

ஒரே கோப்பை எல்லாரும் நெட்வொர்க்கில் திறந்து வேலை செய்வது ஆபத்து. டேபிள்களை ஒரு கோப்பிலும் தகவல் ஏற்றும் திரைகளான படிவங்களை ஒவ்வொருவர் கணினியிலும் பிரித்து வையுங்கள். வைஃபை வழியாக இணைக்காதீர்கள். நடுவில் இணைப்பு அறுந்தால் கோப்பு கெட்டுப்போகலாம். தினசரி பேக்கப் வேறொரு டிஸ்க்கில் இருக்கட்டும். பில்களின் ஸ்கேன் படங்களை உள்ளே திணிக்க வேண்டாம். அக்சஸ் கோப்பின் எல்லை 2 ஜிபி. படத்தின் பாதையை மட்டும் எழுதினால் போதும்.

சிக்கிக்கொண்டால் இணையத்தில் முகம் தெரியாத பலர் பொறுமையாக உதவுகிறார்கள். ஆனால் ‘வேலை செய்யவில்லை’ என்று மட்டும் கேட்டால் அவர்களால் என்ன சொல்ல முடியும்? அவர்களுக்கு உங்கள் கடை தெரியாது. டேபிள் பெயர்கள், ஃபீல்டுகள், எந்த வெர்ஷன், வந்த பிழைச் செய்தி எழுத்துக்கு எழுத்து, கடைசியில் உங்களுக்கு என்ன வேண்டும் என்பது, இவ்வளவும் சொல்லுங்கள். சேர்த்துக் காட்ட நாலைந்து போலி வரிகள் போதும். வாடிக்கையாளரின் போனும் பாக்கியும் உள்ள உண்மைக் கோப்பை வெளியே அனுப்புவது, நம்பிக் கடன் வாங்கியவருக்குச் செய்யும் துரோகம்.

அப்புறம், யாராவது கொடுத்த குவெரியை முதலில் கோப்பின் நகலில் ஓட்டுங்கள். அழிக்கும் டெலீட், மாற்றும் அப்டேட் இரண்டிலும், எந்த வரிகள் என்று சொல்லும் வேர் (WHERE) நிபந்தனை விட்டுப்போனால் டேபிள் முழுவதும் போய்விடும் அல்லது மாறிவிடும். அதே நிபந்தனையை முதலில், வரிகளைக் காட்ட மட்டும் செய்யும் செலக்ட்டில் போட்டு, எந்த வரிகள் வருகின்றன என்று பாருங்கள். நீங்கள் நினைத்த வரிகள்தான் என்றால் டெலீட் கொடுக்கலாம்.