கோழிக்கு ஒன்றும் ஆகவில்லை: புதிதாக வளர்ப்பவர்கள் வரிசையாகப் பார்க்க வேண்டியவை

கொல்லையில் நாலைந்து நாட்டுக்கோழி விட்டவர்கள் முதல் சில மாதங்களில் பதறுவது பெரும்பாலும் நோயைப் பார்த்து அல்ல, கோழியின் அன்றாட வழக்கங்களைப் பார்த்துத்தான். மருந்து தேடி ஓடுவதற்கு முன் கீழே உள்ளபடி பாருங்கள்.

படி 1: தீனி வீசிப் பாருங்கள்

மத்தியான வெயிலில் கோழி ஒருக்களித்துச் சாய்ந்து, காலை நீட்டி, இறக்கையை விரித்துக் கண் சொருகிக் கிடக்கும். திடீரென்று புழுதியில் புரண்டு உதறும். வலிப்பு வந்துவிட்டது என்றே தோன்றும். அது குளிக்கிறது, அவ்வளவுதான். இறகுக்குள் மண்ணை ஏற்றி உதறினால் பேனும் எண்ணெய்ப் பிசுக்கும் கழியும். ஒரு பிடி கம்போ குருணையோ வீசுங்கள். எழுந்து ஓடி வந்தால் நலமாக இருக்கிறது. மாடியில் வளர்ப்பவர்கள் பழைய டப் ஒன்றில் மணலும் சலித்த சாம்பலும் போட்டு வையுங்கள். மண் கிடைக்காத கோழி வெறும் தரையிலேயே புரண்டு இன்னும் பயமுறுத்தும்.

கோடையில் வாயைத் திறந்து மூச்சு வாங்குவதும் இப்படித்தான். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. நிழலும் குளிர்ந்த தண்ணீரும் கொடுங்கள். விடிகாலைக் குளிர்ச்சியிலும் வாய் பிளந்து நின்றால்தான் யோசிக்க வேண்டும்.

படி 2: இரைப்பையை இரண்டு வேளை தொடுங்கள்

சாயங்காலம் கழுத்தடியில், நெஞ்சின் வலப்பக்கம் ஒரு உருண்டை புடைத்திருக்கும். கட்டி இல்லை, அன்று தின்றதெல்லாம் சேர்ந்திருக்கும் பை. மறுநாள் காலை கூண்டைத் திறந்ததும், தீனி வைக்கும் முன் மறுபடி தொடுங்கள். வற்றியிருக்க வேண்டும். காலையிலும் கெட்டியாகவோ, தளதளவென்று புளித்த வாடையோடோ இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

சிறு கல்லைப் பொறுக்கித் தின்றால் தடுக்காதீர்கள். பல் இல்லாத கோழிக்கு வயிற்றில் தீனியை அரைப்பது அந்தக் கல்தான்.

படி 3: எச்சத்தைக் கவனியுங்கள்

எச்சத்தின் மேல் இருக்கும் வெள்ளை, கோழியின் சிறுநீர்க் கழிவு. தனியாகப் போகாது, சேர்ந்தே வரும். இடையிடையே காப்பிப்பொடி நிறத்தில், பசைபோல, மூக்கைப் பொத்த வைக்கும் நாற்றத்தோடு ஒன்று விழும். அதைக் கழிச்சல் என்று நினைத்து எதையாவது ஊற்றிக் கொடுத்துவிடாதீர்கள். குடலோடு ஒட்டிய இரண்டு முட்டுப்பைகள் காலியாகும்போது வருவது அது; தினமும் சில தடவை வரும்.

படி 4: முட்டைக்கு வரும் விடைக்கோழி

கையை நீட்டினால் ஓடாமல், இறக்கையைச் சற்று விரித்துத் தரையோடு பதுங்கும். கால் போய்விட்டதோ என்று தூக்கிப் பார்க்க வேண்டாம். முட்டையிடும் பருவம் வந்துவிட்டது. சேவலுக்குக் காட்டும் அதே சமிக்ஞையைத்தான் உங்களிடமும் காட்டுகிறது. ஆரம்ப முட்டைகள் ஒழுங்காக இருக்காது. கோலிக்குண்டு அளவில் மஞ்சள் கரு இல்லாமல் ஒன்று, கெட்டி ஓடு இல்லாமல் தோல்முட்டையாக ஒன்று, ஓட்டில் ரத்தக் கீற்றோடு ஒன்று வரலாம். தோல்முட்டை தொடர்ந்தால் கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். முட்டையிட்டபின் தெருவே கேட்கும்படி கேறுவதற்கு மட்டும் மருந்து கிடையாது.

படி 5: அடைக்கோழி

புதியவர்களை அதிகம் கலங்க வைப்பது இதுதான். நேற்றுவரை கையில் தீனி தின்ற கோழி கூடையை விட்டு இறங்காது. கிட்டே போனால் உடம்பை உப்பிக்கொண்டு உறுமும், கொத்தும். நெஞ்சு இறகைத் தானே பிடுங்கிக்கொள்ளும், முட்டைக்கு உடல் சூடு நேராகப் படவேண்டும் என்பதற்காக. கொண்டை வெளுக்கும், எடை குறையும். நாளுக்கு ஓரிரு முறைதான் இறங்கி, அவசரமாகத் தின்று, பெரிய எச்சம் ஒன்றைப் போட்டுவிட்டுத் திரும்பும்.

சேவலோடு சேர்ந்த கோழியின் முட்டை இருந்தால் அடியில் வையுங்கள். 21 நாளில் குஞ்சு பொரியும். வேண்டாமென்றால் அடியில் காற்றோடும் கம்பிக்கூண்டில், வைக்கோல் இல்லாமல், தீனி தண்ணீரோடு மூன்று நான்கு நாள் விடுங்கள், தெளிந்துவிடும். அடை தெளிய மூக்கில் இறகைச் செருகும் பழக்கம் சில ஊர்களில் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள், வலியைத் தவிர அதில் ஒன்றுமில்லை.

படி 6: இறகு கொட்டினால்

வயது வந்த கோழி வருடத்துக்கு ஒருமுறை பழைய இறகைக் கழிக்கும். முட்டை நிற்கும், கழுத்து மொட்டையாகும். இறகு பெரும்பாலும் புரதம் என்பதால் கருவாட்டுத் தூளோ புழுவோ கொஞ்சம் சேர்த்துக் கொடுங்கள். தோல் சிவந்து, இறகடியில் பேன் ஊர்ந்தால் அது வேறு கதை.

அப்புறம், நள்ளிரவில் கூவும் சேவல். சேவலின் உடம்புக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது என்று ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-ல் காட்டினார்கள். வெளிச்சமே இல்லாமலும் அது விடியலுக்கு முன் கூவும். வண்டி விளக்குக்கும் கூவும். அண்டை வீட்டாரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

படி 7: இவற்றுக்குக் காத்திருக்காதீர்கள்

பச்சையும் வெள்ளையுமாகத் தண்ணீர்க் கழிச்சல், கழுத்து முறுக்கிக்கொள்ளுதல், கால் இழுத்தல், எச்சத்தில் ரத்தம், தீனி வீசியும் எழாமல் குறுகி நிற்பது. முதல் மூன்றும் வெள்ளைக்கழிச்சல் என்னும் ராணிக்கெட் நோயாக இருக்கலாம். வேகமாகப் பரவும், வந்தபின் மருந்தில்லை. அந்தக் கோழியை உடனே பிரித்து, கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். இந்த நோய் வராமல் தடுக்க, குஞ்சுக்கு 7-ஆம் நாள் வாக்கில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்தும், 8 வாரத்தில் ஊசியும் போடுவது வழக்கம். கோழி வாங்கும்போதே விற்றவரிடம் இதில் எது போட்டாயிற்று, எப்போது என்று கேட்டுத் தேதியோடு எழுதி வையுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.