விரல் தசைநாணுக்குக் கொலாஜன்: எதை வாங்குவது, எப்போது குடிப்பது

டெல்டாவில் ஏறிப் பழகப் பாறை ஏது என்று கேட்காதீர்கள். கும்பகோணத்தில் இருந்துகொண்டு லீவு கிடைத்தால் பாறை ஏறப் பதாமிக்கும் ஹம்பிக்கும் ஓடுகிற ஆட்களுக்கு மற்ற நாளெல்லாம் நிலைப்படிக்கு மேலே திருகி வைத்த ஹேங்போர்டுதான் (விரல்களால் பிடித்துத் தொங்கிப் பழகும் பலகை) மலை, மோதிர விரலின் அடியில் விண்ணென்று வலி கிளம்புவதும் அங்கேதான். தசையை எலும்போடு கட்டும் தசைநாண் பெரும்பாலும் கொலாஜன் என்ற புரதத்தால் ஆனது. அதை வைத்து எனக்கு அந்த வலி அடங்கிய முறையை எழுதுகிறேன். 'டக்' என்று சத்தம் கேட்டு விரல் வீங்கியிருந்தால் இதை மூடிவிட்டு எலும்பு மருத்துவரிடம் போங்கள், புல்லி (தசைநாணை விரல் எலும்போடு ஒட்டிப் பிடித்திருக்கும் பட்டை) அறுந்திருக்கலாம்.

1. வாங்குவது

சுவை சேர்க்காத ஹைட்ரலைஸ்டு கொலாஜன் பெப்டைடு பவுடர் (சிறு துண்டுகளாக உடைத்த கொலாஜன்) போதும். முகம் பளபளக்கும் என்று விற்கிற பாக்கெட்டில் அளவு கம்மி, விலை ஜாஸ்தி. மாத்திரை வேண்டவே வேண்டாம், ஒரு வேளைக்கு ஒரு கைப்பிடி விழுங்கணும். '40 மில்லிகிராம் டைப் 2' என்று வருவது மூட்டுக்கானது, வேறு சமாச்சாரம்.

செலவு குறைய வேண்டுமென்றால் ஜெலட்டின், அதுவும் கொலாஜனிலிருந்து எடுப்பதுதான். கேக் சாமான் விற்கும் கடையில் கிடைக்கும், ஆனால் லேபிளைப் படியுங்கள். ஜெலட்டின் கேட்டால் சைனா கிராஸை நீட்டுவார்கள். அது கடற்பாசி, அதில் கொலாஜன் துளியும் இல்லை.

2. கலப்பது

15 கிராம். டப்பாவில் வரும் கரண்டியை நம்பாமல் சின்ன டிஜிட்டல் தராசில் நிறுத்துப் போடுங்கள். ஜெலட்டினை முதலில் பச்சைத் தண்ணீரில் ஊற விட்டு அப்புறம் சுடுதண்ணீர் ஊற்றணும், நேரே கொதிநீரில் கொட்டினால் கட்டி கட்டியாகிவிடும். கூடவே வைட்டமின் சி, ஒரு 50 மில்லிகிராம். உடம்பு கொலாஜன் கட்டுவதற்கு அது இல்லாமல் முடியாது. ஒரு கொய்யாப்பழம் தின்றாலே தேவைக்கு மேல் வந்துவிடும். பெப்டைடை டிகிரி காபியில் கலக்கலாம், நெல்லிச்சாற்றை மட்டும் அதில் விட்டுவிடாதீர்கள், பால் திரிந்து போகும்.

3. நேரம் (இங்கேதான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள்)

புரோட்டீன் பவுடர் மாதிரி பயிற்சி முடித்துக் குடிப்பதல்ல இது. பயிற்சிக்கு ஒரு மணி நேரம் முன்னால் குடிக்கணும். தசைநாணில் ரத்த ஓட்டம் குறைவு, பிழிந்த துணியைத் தண்ணீரில் போட்டால் உறிஞ்சுமே, அந்த மாதிரி பாரம் ஏறி இறங்கும்போதுதான் சத்து உள்ளே போகிறது. கொலாஜனில் உள்ள கிளைசின், புரோலின் என்ற அமினோ அமிலங்கள் எல்லாம் ரத்தத்தில் உச்சத்துக்கு வர ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும், பாரம் அந்த வேளையில் விழ வேண்டும். கலிபோர்னியாவில் தசைநாண் ஆய்வாளர் கீத் பார் குழு 2017இல் வெளியிட்ட ஆய்விலும் 15 கிராம் ஜெலட்டினை வைட்டமின் சியோடு குடித்து, ஒரு மணி நேரம் கழித்து 6 நிமிடம் கயிறு தாண்டினார்கள். ரத்தத்தில் கொலாஜன் உருவாவதைக் காட்டும் குறியீடு இரண்டு மடங்கானது. ஆனால் மொத்தம் 8 ஆண்கள்தான், காயம் ஆறியதா என்று யாரும் அளக்கவில்லை. அதனால் பவுடரை மருந்தென்று நினைக்காதீர்கள். என் கணக்கில் வேலையில் பெரும்பங்கு அடுத்த படிக்குத்தான்.

4. தொங்குவது

முழு எடையோடு அல்ல. கால் தரையிலேயே இருக்கட்டும். 10 விநாடி இழுத்து, மீதி 50 விநாடி ஓய்வு, இப்படி 10 நிமிடம். வலி ஏறினால் எடையைக் குறையுங்கள். 10 நிமிடத்துக்கு மேல் நீட்டினாலும் தசைநாண் செல்கள் காது கொடுக்காது. மறுபடி செய்வதானால் 6 மணி நேரம் கழித்து.

பின்சேர்க்கை: இரண்டு பேர் கேட்டார்கள். ஹலாலா என்று கேட்ட நாகூர் நண்பருக்கு: ஜெலட்டின் மாடு, பன்றி இரண்டிலிருந்தும் வரும், மீன் கொலாஜன் என்று போட்டதை வாங்குங்கள் (மீன் அலர்ஜி உள்ளவர்கள் தொடக்கூடாது). சைவக்காரர்களுக்கு: தாவரக் கொலாஜன் என்று ஒன்று இல்லை, 'கொலாஜன் பில்டர்' என்று விற்பது பெரும்பாலும் வைட்டமின் சியும் மூலிகையும்தான். அந்தக் காசுக்குக் கொய்யா வாங்கிக்கொண்டு நான்காவது படியைச் செய்யுங்கள்.