மனோரமா படங்களை எங்கிருந்து ஆரம்பிப்பது, எதைக் கவனிப்பது

யூடியூபில் 'மனோரமா காமெடி' என்று தட்டினால் வரும் பத்து நிமிடத் தொகுப்புகளிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். அதில் வசனம் இருக்கும், சிரிப்பு வரும் இடமும் இருக்கும். ஆனால் எதிரில் நிற்பவர் பேசிக்கொண்டிருக்கும்போது மனோரமாவின் முகத்தில் என்னென்ன ஓடுகிறது என்பதை வெட்டி எறிந்திருப்பார்கள், வித்தையில் பாதி அங்கேதான் இருக்கிறது. தொண்ணூறுகளில் வளர்ந்தவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 'ஆச்சி' மனோரமா என்றாலே கதாநாயகனின் அம்மா, முந்தானையால் கண்ணைத் துடைக்கிறவர் என்று மனதில் பதிந்துவிட்டது. அந்த நினைப்பைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள்.

படத்துக்கு முன்னால் அவர் எங்கிருந்து வந்தார் என்று தெரிந்துகொண்டால் நல்லது, பிறகு பார்ப்பது பலவும் அதிலிருந்துதான் புரியும். 1937-ல் மன்னார்குடியில் பிறந்தவர், பெற்றவர்கள் வைத்த பெயர் கோபிசாந்தா. அப்பா கைவிட்ட பிறகு அம்மா அவரைக் கூட்டிக்கொண்டு காரைக்குடிப் பக்கம் பள்ளத்தூருக்கு வந்துவிட்டார். சிறு வயதிலேயே மேடை ஏறி, 'பள்ளத்தூர் பாப்பா' என்று பெயர் வாங்கி, ஊர் ஊராக நாடகம் போட்டவர். 1958-ல் கண்ணதாசன் தயாரித்த 'மாலையிட்ட மங்கை'யில் நகைச்சுவை வேடத்தில் சினிமாவுக்கு வந்தார். 1963-ல் 'கொஞ்சும் குமரி'யில் கதாநாயகியாகவும் நடித்தார், ஆனால் நிலைத்தது என்னவோ நகைச்சுவைதான்.

சரி, முதல் படம் 'தில்லானா மோகனாம்பாள்', 1968. முழுப் படமும் பாருங்கள். மனோரமா நடிக்கும் ஜில் ஜில் ரமாமணி வர ரொம்ப நேரமாகும், பொறுமையாக இருங்கள், அவசரப்பட்டு அந்தக் காட்சிக்குத் தாவினால் பாதி ருசி போய்விடும். நாதஸ்வர வித்வான் சிக்கல் சண்முகசுந்தரமும் (சிவாஜி) நாட்டியக்காரி மோகனாவும் ஒருவரை ஒருவர் கர்வத்தோடு முறைத்துக்கொண்டிருக்கும் கதை அது, எல்லோரும் பெரிய வித்வான்கள், எல்லோருக்கும் ரோஷம். அதற்கு நடுவில் கொட்டகை நாடகக்காரி ஒருத்தி வந்து, கலையைப் பற்றி எந்தப் பாசாங்கும் இல்லாமல், நாயனத்தைக் கேட்டு வாய் பிளந்து நிற்கிறாள். இங்கே சிவாஜியையும் கவனியுங்கள். எந்த ஃபிரேமிலும் முழு இடத்தையும் எடுத்துக்கொள்கிற அந்த நடிகர் இந்தக் காட்சியில் மனோரமாவுக்கு வழிவிட்டு நிற்கிறார். ரமாமணியைப் பார்த்துச் சிரிக்கிறோம், ஆனால் அவளை ஒரு நிமிடம்கூட மட்டமாக நினைக்க முடிவதில்லை. அப்படிப்பட்ட பெண்களோடு ஒரே மேடையில் நின்று வளர்ந்தவர் நடித்ததால்தான் அது சாத்தியமாயிற்று என்பது என் எண்ணம்.

அப்புறம் ஒரு சின்னப் பயிற்சி. 1967-ல் வந்த 'அனுபவி ராஜா அனுபவி'யில் நாகேஷோடு 'முத்துக் குளிக்க வாரீகளா' பாட்டு வரும் பகுதியையும், 1968-ல் வந்த 'பொம்மலாட்டம்' படத்தில் 'வா வாத்தியாரே ஊட்டாண்டே' வரும் பகுதியையும் அடுத்தடுத்துப் போடுங்கள். பாட்டோடு நிறுத்தாமல் சுற்றியுள்ள வசனக் காட்சிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை பார்த்துவிட்டு, இரண்டாவது தடவை திரையைப் பார்க்காமல் காதால் மட்டும் கேளுங்கள். முதலாவதில் தூத்துக்குடிக் கடற்கரை, இரண்டாவதில் மெட்ராஸ் தெருப் பேச்சு. இரண்டுக்கும் ரமாமணியின் பேச்சுக்கும் சம்பந்தமே இருக்காது. மூன்றும் இரண்டே வருடத்துக்குள் வந்த படங்கள்! மெட்ராஸ் பாஷையைப் பலர் சினிமாவில் பேசியிருக்கிறார்கள், பெரும்பாலும் அது வேஷம் போலத் துருத்திக்கொண்டு நிற்கும். இவர் பேசினால் அந்தத் தெருவிலேயே பிறந்தவர் மாதிரி இருக்கும்.

அடுத்து ஜோடிகள். அவருக்கு முன்னால் பெண் நகைச்சுவை நடிகர்கள் இல்லாமல் இல்லை. டி.ஏ.மதுரம், சி.டி.ராஜகாந்தம், எம்.சரோஜா எல்லோரும் கெட்டிக்காரர்கள். ஆனால் மதுரம் என்றால் கூடவே என்.எஸ்.கே., ராஜகாந்தம் என்றால் காளி என்.ரத்தினம், சரோஜா என்றால் தங்கவேலு என்று ஒரே ஆளோடு சேர்த்துத்தான் ஜனங்கள் அவர்களை நினைத்தார்கள். மனோரமா நாகேஷ், சோ, தேங்காய் சீனிவாசன், சுருளிராஜன் என்று வரிசையாக எல்லோருடனும் நடித்தார். ஒவ்வொருவரின் காலம் முடிந்த பிறகும் அவர் அடுத்தவரோடு தொடர்ந்துகொண்டே இருந்தார். என்னைக் கேட்டால் அவர் முன்னோடி என்பதற்கு இதுதான் முதல் காரணம். நாகேஷோடு ஒரு படம், சோவோடு ஒரு படம் எடுத்து ஒப்பிட்டால் இது பளிச்சென்று தெரியும். நாகேஷ் உடம்பால் ஓடிக்கொண்டே இருக்கும்போது இவர் நின்று பிடிக்கிறார், சோ ஒரே இடத்தில் நின்று குதர்க்கம் பேசும்போது இவர்தான் காட்சியை நகர்த்துகிறார்.

பிறகு நேராக எண்பதுகளுக்குப் போகலாம். 1986-ல் வந்த 'சம்சாரம் அது மின்சாரம்' படத்தில் வேலைக்காரி கண்ணம்மாவாக வந்து, நடிகர் கிஷ்முவை அவர் ஒரு வழி பண்ணும் காட்சியைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, எல்லோரும் பார்த்ததுதான். ஆனால் 1990-ல் வந்த 'நடிகன்' படத்தைத் தவறவிடாதீர்கள். கிழவர் வேஷம் போட்ட சத்யராஜ் மீது காதல் கொள்ளும் நடுத்தர வயதுப் பெண் வேடம். தமிழ் சினிமா அந்த வயதுப் பெண்ணின் காதலைக் கேலிக்கு மட்டும்தான் எடுக்கும், இந்தப் படமும் கேலிதான் செய்கிறது. ஆனாலும் அவர் வெட்கப்படும் இடங்களைக் கவனியுங்கள், கேலியைத் தாண்டி ஏதோ ஒன்று நிஜமாக இருக்கிறது. 1989-ல் வந்து தேசிய விருது வாங்கித் தந்த 'புதிய பாதை'யை இதற்குப் பிறகு பாருங்கள். முதலில் அதைப் பார்த்தால் மறுபடியும் அந்த அழுகை அம்மா பிம்பத்துக்கே போய்விடுவீர்கள்.

ஆயிரம் படங்களைத் தாண்டியதற்காகக் கின்னஸில் இடம், 2002-ல் பத்மஸ்ரீ, அண்ணா, கருணாநிதி, எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, என்.டி.ஆர். என்று ஐந்து முதல்வர்களோடு நடித்த பெருமை எல்லாம் 2015 அக்டோபரில் அவர் இறந்தபோது எல்லாப் பத்திரிகையிலும் வந்தன. பட்டிமன்றத்துக்கு உதவும், படம் பார்க்க உதவாது. அத்தனை படங்களையும் தேடிப் பிடிக்கலாம் என்று கிளம்பாதீர்கள், பல படங்களில் அவருக்கு இரண்டு காட்சிதான் இருக்கும், எழுதியதும் சுமாராக இருக்கும்.

இந்தி தெரிந்தவர்கள் மெஹ்மூதின் 'குன்வாரா பாப்' படத்தில் அவரைத் தேடிப் பாருங்கள். பாட்டுப் பிரியர்கள் 'மே மாதம்' படத்தின் 'மெட்ராஸை சுத்திப் பார்க்கப் போறேன்' பாட்டை இன்னொரு தடவை போடுங்கள், 1994-ல் ஏ.ஆர்.ரஹ்மான் இசையில் அதில் பாடியவர்களில் இவரும் ஒருவர்.