ஊசிக்கு முன்னால் ஒரு அரைத்தாள்

முதல் டயாலிசிஸுக்குக் கழுத்தில் குழாய் போட்டபோது முகத்தைப் பச்சைத் துணியால் மூடிவிட்டார்கள். என்ன செய்யப்போகிறோம் என்று ஒருவரும் சொல்லவில்லை. துணிக்கு மேலே யாரோ மதியச் சாப்பாட்டைப் பற்றிப் பேசியது மட்டும் காதில் விழுந்தது. ஆறு வருஷமாகிறது. இன்றைக்கும் குடியாத்தம் கடைத்தெருவில் அந்தப் பச்சையில் துணி தொங்கினால் உள்ளங்கை வேர்க்கிறது.

நெசவுக்காரன் துணிக்குப் பயப்படுவதா என்று வெட்கப்பட்டு ரெண்டு வருஷம் வாயைத் திறக்கவில்லை. அது தப்பு. வாரம் மூன்று நாள், நாலு மணி நேரம் அதே ஸ்பிரிட் வாசனையில் போய்ப் படுக்க வேண்டுமே.

முதலில் ஒரு அரைத்தாள் எழுதிக்கொள்ளுங்கள். என்னுடையதில் இருப்பது இது (பிஸ்டுலா என்பது டயாலிசிஸ் ஊசி போட ஆபரேஷனில் ரத்தக்குழாய்களை இணைத்த இடம்): "இடது கையில் பிஸ்டுலா. டயாலிசிஸ் ஊசி தவிர வேறு ஊசியோ பிபி பட்டையோ இந்தக் கையில் வேண்டாம். முகத்தை மூட வேண்டியிருந்தால் முன்னாடியே சொல்லுங்கள். குத்தும் முன் மூன்று எண்ணுங்கள். வலது கையைத் தூக்கினால் கொஞ்சம் பொறுங்கள்." ஊசி உள்ளே போன பிறகு கையைத் தூக்கிப் பயனில்லை, அதற்கு முன்னால்தான். புது டெக்னீஷியன் வந்தால், "தம்பி, இதைக் கொஞ்சம் படிச்சுடுப்பா" என்று நீட்டுவேன். ஒரு பையன் படித்துவிட்டுச் சிரித்தான். அடுத்த வாரம் அவனே எண்ண ஆரம்பித்தான்.

மரத்துப்போகும் கிரீம் உங்களுக்கு ஒத்துவருமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அது வேலை செய்ய ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். நான் குடியாத்தத்தில் பஸ் ஏறும்போதே தடவிக்கொள்வேன், வேலூர் வருவதற்குள் தோல் மரத்திருக்கும். அங்கே போனதும் சோப்புப் போட்டுக் கழுவிவிட வேண்டும்.

ஊசியைக் கண்டாலே மயக்கம் வருகிறவர்கள் தொடையையும் கெண்டைக்காலையும் 10 முதல் 15 விநாடி இறுக்கிப் பிடித்து, 20, 30 விநாடி தளர விடுங்கள். ஐந்து முறை. ஊசிக் கை மட்டும் தளர்வாகவே இருக்கட்டும். காலில் குழாய் இருக்கிறவர்களுக்கு இது வேண்டாம்.

மிஷின் ஓடும்போது தலை சுற்றினாலோ, நெஞ்சு அடைத்தாலோ "நம்ம பயம்தான்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்காதீர்கள். மிஷின் உடம்பிலிருந்து நீர் எடுக்கும்போது பிபி இறங்கலாம். உடனே சிஸ்டரைக் கூப்பிடுங்கள். நான் ஒருநாள் கௌரவம் பார்த்து, கண் இருட்டும் வரை சும்மா இருந்தேன்.

இந்தப் பயத்தில் ராத்திரி தூக்கம் கெட்டால் 14416, டெலி மானஸ், அரசாங்கத்தின் மனநல உதவி போன். காசில்லை, தமிழில் பேசலாம்.

காலையில் எழுந்ததும் இடது கையில் விரல் வைத்துப் பார்ப்பேன். பக்கத்துத் தெரு பவர்லூம் மாதிரி பிஸ்டுலாவில் ரத்தம் விர்ரென்று ஓடும். அது ஓயும்போல் தெரிந்தால் அடுத்த டயாலிசிஸ் வரை காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே ஆஸ்பத்திரி. ஓடுகிறதா, சரி, டீ போடச் சொல்லலாம். அதுவும் அரை டம்ளர்தான், ஒரு நாளைக்கு இவ்வளவுதான் குடிக்கலாம் என்ற தண்ணீர்க் கணக்கு இருக்கிறதே.